ஆயில் குடிக்கும் பழைய மாருதி 800: டப்பா ஊற்றிப் பார்க்கலாமா, இன்ஜினைப் பிரிக்கணுமா?

ஈரோடு_800:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருப்பது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பா வாங்கியது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, அதனால் "வித்துட்டு வேற வாங்குங்க" என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஓடோமீட்டர் 1,64,000ல் நின்றுவிட்டது, அதற்கு மேல் எவ்வளவு ஓடியது என்று வண்டிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு வருஷமாக ஆயில் குடிக்கிறது. வாரம் மூன்று தடவை ஈரோட்டிலிருந்து கோபி போய் வருகிறேன், 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் டாப்-அப் செய்ய வேண்டியிருக்கிறது. கீழே பெரிய ஒழுகல் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை கிளம்பும், பக்கத்து வீட்டு அக்கா கொடியில் காய்கிற துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடிவிடுகிறார். ஒரு நிமிஷத்தில் நின்றுவிடும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் குப்பென்று ஒரு தடவை வரும். மற்றபடி இழுவை பரவாயில்லை.

மெக்கானிக் கேட்ட முதல் நிமிஷத்திலேயே "ஃபுல் இன்ஜின் வேலை, 30 ஆயிரம் எடுத்து வைங்க" என்றார். வண்டியே அந்த விலைக்குத்தான் போகும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் 650 ரூபாய்க்கு ஆயிலில் கலக்கிற மருந்து ஒரு டப்பா கொடுத்து, "ஆயிலோட ஊத்துங்க சார், புகை நிக்கலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்றார். வாங்கிவிட்டேன், இன்னும் திறக்கவில்லை. ஊற்றலாமா? யாராவது ஊற்றிப் பார்த்தவர்கள் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

லேத்துக்காரன்_கோவை:

திறக்காமல் வைத்ததே நல்ல காரியம். 30 ஆயிரத்தையும் உடனே எடுத்து வைக்க வேண்டாம், ஏனென்றால் நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் புகைந்து ஒரு நிமிஷத்தில் நிற்கிறது என்றால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் தேங்கிய ஆயில் வால்வ் தண்டு வழியாகக் கசிந்து சிலிண்டருக்குள் சேர்ந்திருக்கிறது, ஸ்டார்ட் ஆனதும் எரிகிறது. இறக்கத்தில் காலை எடுக்கும்போது இன்டேக் பக்கம் உறிஞ்சுகிற வேகம் கூடும், அப்போது உள்ளே இழுபட்ட ஆயில்தான் மறுபடி மிதிக்கும்போது குப்பென்று வருகிறது. இரண்டுமே வால்வ் சீல் பக்கம்தான் கை காட்டுகின்றன. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்த வண்டி இப்படி விட்டு விட்டுப் புகையாது, மேட்டில் லோடு இழுக்கும்போது விடாமல் தள்ளும்.

வால்வ் சீல் என்பது சுண்டு விரல் நுனியில் மாட்டலாம் போல ஒரு குட்டி ரப்பர் தொப்பி. உங்கள் வண்டியில் சிலிண்டருக்கு இரண்டு வால்வ், மூன்று சிலிண்டருக்கு மொத்தம் ஆறு சீல். இருபத்தைந்து வருஷம் ஹெட் சூட்டில் வெந்தால் ரப்பர் ரப்பராக இருக்காது. நான் கழற்றுகிறவை நகத்தால் அழுத்தினாலே பிளாஸ்டிக் மாதிரி டக்கென்று உடையும். செட்டே சில நூறு ரூபாய்தான், கூலிதான் செலவு.

ஆனால் நான் சொல்வதை வைத்துப் பிரித்துவிடாதீர்கள். முதலில் மூன்று காரியம் செய்யுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, அதே இடத்தில் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை, தட்டில் போட்ட அப்பளம் மாதிரி துள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிற அழுத்தம், இருக்கிறது. இரண்டாவது, இன்ஜின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனர் பக்கம் போகிற காற்றுக் குழாயை, அதாவது பிரீதர் ஹோஸை, கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே பிரஷர் ஏறி ஆயிலைக் கண்ட வழியில் தள்ளும், அதற்குப் போய் இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. மூன்றாவது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது பிளக் ஓட்டையில் கேஜ் வைத்து சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தத்தை அளப்பது. இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடித்து ரீடிங் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அதே டெஸ்ட். ஆயில் விட்டதும் ரீடிங் ஏறினால் ரிங், ஏறாமல் அப்படியே நின்றால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. இந்த கேஜ் இல்லாமலே ஃபுல் இன்ஜின் வேலை சொல்கிற மெக்கானிக்கிடம் எதற்கும் இன்னொரு தடவை யோசித்துவிட்டுப் போங்கள். டெஸ்ட் முடித்து எழுதுங்கள், பேசலாம்.

கன்சல்டிங்_முன்னாள்:

எட்டு வருஷம் பழைய கார் வாங்கி விற்கிற கன்சல்டிங்கில் இருந்தவன், அதனால் இந்த டப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை. பார்ட்டி வண்டி பார்க்க வருகிறார் என்றால் முந்தின நாள் சாயந்தரம் பழைய ஆயிலை இறக்கிவிட்டு கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலும் இந்த டப்பாவும் ஊற்றுவோம். மறுநாள் புகை இருக்காது, டேப்பட் சத்தமும் அமுங்கியிருக்கும், டெஸ்ட் டிரைவ் போனவர் "இன்ஜின் வெண்ணெய் மாதிரி இருக்கே" என்பார். இரண்டு மூன்று வாரத்தில் அவருக்குப் புரியும், அதற்குள் பணம் கைமாறியிருக்கும். இந்தத் தொழிலை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். டிப் ஸ்டிக்கை எடுத்து நுனியைக் கீழே பிடியுங்கள். சாதாரண ஆயில் சொட்டாக விழும், டப்பா ஊற்றிய ஆயில் பாகு பதத்தில் கம்பி இழுத்துக்கொண்டு இறங்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கம்பி இழுத்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். கியர் பாக்ஸ் சத்தம் அமுங்க மரத்தூள் போட்ட காலமும் இருந்தது, அதற்கு இது எவ்வளவோ மேல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆம்னி_சேலம்:

எல்லாரும் சேர்ந்து டப்பாவைக் குப்பையில் போடச் சொல்லிவிடுவீர்கள் போலிருக்கிறது. எனக்கு ஒரு தடவை வேலை செய்தது, அதனால் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஆம்னி. கொரோனா சமயத்தில் ஒன்றரை வருஷம் ஷெட்டில் கிடந்தது. எடுத்து ஓட்ட ஆரம்பித்ததும் இன்ஜினுக்குக் கீழே ராத்திரிக்கு ராத்திரி உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். கிராங்க் முன்பக்க ஆயில் சீல் இறுகிப் போயிருக்கிறது, டைமிங் பெல்ட் எல்லாம் கழற்றித்தான் மாற்றணும் என்றார்கள். அதற்கு முன்னால் ரப்பர் சீலை இளக்குகிற சங்கதி என்று ஒரு சின்ன பாட்டில் ஊற்றினேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. ஒரு 700 கிலோமீட்டர் ஓடிய பிறகு உள்ளங்கை அளவு நாலணா அளவுக்குச் சுருங்கியது. அப்படியே மேலும் ஒன்றரை வருஷம் ஓடி, பெல்ட் மாற்றும் முறை வந்தபோது சீலையும் சேர்த்து மாற்றினேன். ஆக ஒரு வேலையைத் தள்ளிப் போட முடிந்தது, அவ்வளவுதான், ஆனால் அதுவும் ஒரு உதவிதானே.

உங்கள் வால்வ் சீலும் ரப்பர்தான், எனவே கெட்டி டப்பாவுக்குப் பதில் இந்த வகையை முயற்சி செய்யலாம் என்பது என் கருத்து.

லேத்துக்காரன்_கோவை:

ஆம்னி சொல்வது சரி, அந்த வகை உண்மையிலேயே ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைத்து இளக்கும். சும்மா கிடந்து காய்ந்த சீல் என்றால் பலன் கிடைக்கும். கிழிந்த சீலுக்கும், ஷாஃப்டில் பள்ளம் விழுந்த இடத்துக்கும், நான் சொன்ன மாதிரி பிளாஸ்டிக் ஆகிவிட்ட சீலுக்கும் கிடைக்காது. அளவுக்கு மேல் ஊற்றினால் நன்றாக இருக்கிற சீலும் ஊறிப் போய் தொளதொளவென்று ஆகிவிடும்.

மோலிப்டீனம்_பிரியன்:

இங்கே எல்லா டப்பாவையும் ஒரே டப்பாவாகப் பேசுகிறீர்கள், அதுதான் குழப்பம். கடை அலமாரியில் பக்கத்து பக்கத்தில் நிற்கிறதே தவிர உள்ளே இருப்பது வேறு வேறு.

கடைக்காரர் கொடுத்தது பெரும்பாலும் கெட்டி வகையாக இருக்கும், ஆயிலின் அடர்த்தியைக் கூட்டுகிற பாலிமர். அதைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் 20டபிள்யூ-40க்குப் பதில் 20டபிள்யூ-50 ஊற்றினாலே போதும், அது முறையாகக் கலந்து வருகிற ஆயில், கூடுதல் செலவும் அதிகம் இல்லை. ஆயில் கம்பெனிக்காரன் டிடர்ஜென்ட், தேய்மானத்தைத் தடுக்கிற துத்தநாகச் சேர்மம், நுரை வராமல் இருக்க ஒன்று என்று அளந்து போட்டிருப்பான். மாருதி 800ல் மொத்தமே சுமார் மூன்று லிட்டர்தான் பிடிக்கும், அதில் அரை லிட்டர் டப்பாவைக் கொட்டினால் ஆறில் ஒரு பங்கு. அந்த அளவெல்லாம் அப்படியே நீர்த்துப் போகாதா?

அடுத்தது மாலிப்டீனம் டைசல்ஃபைடு, என் பேரிலேயே இருப்பது. இது ஏமாற்று இல்லை, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே வழுக்குகிற மெல்லிய படலம் கொடுக்கும். சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டின் மூட்டில், அதாவது சிவி ஜாயிண்டில், போடுகிற கிரீஸ் கன்னங்கறேலென்று இருக்கிறதே, பெரும்பாலும் அதனால்தான். ஜெர்மனியில் லிக்வி மோலி 1957ல் ஆரம்பித்ததே இதை வைத்துத்தான், பேரே அதிலிருந்து வந்தது. நான் என் வண்டியில் போடுகிறேன், சத்தம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் தேய்ந்து போன ரிங்கை அது வளர்க்காது, நீலப் புகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது டெஃப்லான் தூள் கலந்தது. அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்று ஒன்று ஓகோவென்று விற்றது. ஸ்டார்ட் பண்ணும்போது வருகிற தேய்மானம் பாதியாகக் குறையும் என்கிற மாதிரி விளம்பரம். ஆதாரம் இல்லாமல் சொல்கிறீர்கள் என்று அந்நாட்டு அரசின் வர்த்தக ஆணையம் 1996ல் நடவடிக்கை எடுத்து, 1997ல் அந்த மாதிரி விளம்பரம் செய்ய மாட்டோம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டு சமரசமாகப் போனது. தோசைக்கல்லில் பூச்சாகப் படிகிற வேலையை பேரிங்குக்கு உள்ளே போய்ச் செய்யும் என்று நம்பியவர்கள் நம்மூரிலும் இருந்தார்கள், என் மாமா ஒருவர்.

பழையடீசல்_திருச்சி:

இன்ஜின் உள்பக்கத்தைக் கழுவ ஊற்றுகிற ஃப்ளஷ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் என் சோகத்தைச் சொல்கிறேன், நீளமாக இருந்தால் மன்னிக்கவும். எங்கள் வீட்டுப் பழைய டீசல் காருக்கு முன்னாடி வைத்திருந்தவர் ஆயிலே ஒழுங்காக மாற்றியதில்லை, மூடியைத் திறந்தால் உள்ளே தார் பூசின மாதிரி இருக்கும். ஒரு சர்வீஸ் சென்டரில் "இன்ஜின் ஃப்ளஷ் போட்டால் உள்ளே பளபளன்னு ஆயிடும்" என்றார்கள், சரி என்றேன். பழைய ஆயிலோடு கலந்து பதினைந்து நிமிஷம் ஐடிலில் ஓட்டி, இறக்கி, புது ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். வண்டி நன்றாகத்தான் இருந்தது. நான்காவது நாள் விராலிமலை தாண்டி ஆயில் பிரஷர் லைட் ஒரு தடவை மின்னி அணைந்தது. டிப் ஸ்டிக் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது, அதனால் ஓட்டிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். இன்னும் இருபது கிலோமீட்டரில் டகடகவென்று சத்தம், வண்டி நின்றது.

இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்குகிற சேம்பரைக் கழற்றிப் பார்த்தால் ஆயில் பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் இருக்கும் வலை முழுக்கக் கறுப்புக் கட்டி, காபி டிகாக்ஷன் ஃபில்டரில் தூள் அடைத்த மாதிரி. பல வருஷமாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஃப்ளஷ் பெயர்த்து விட்டது, ஆனால் கரைக்கவில்லை. கிராங்க் பேரிங் பிடித்து, கிராங்க்கை கிரைண்டிங் கொடுத்து, எல்லாம் சேர்த்து நான் செய்த செலவை மனைவிக்கு இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

அழுக்கு இன்ஜின் என்றால் டிடர்ஜென்ட் நல்ல அளவில் இருக்கிற சாதாரண ஆயிலையே ஊற்றி 2000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஃபில்டரோடு இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். மெதுவாகத்தான் கழுவும். லைட் மின்னினால் மட்டும் ஒரு அடி கூட ஓட்டாதீர்கள்.

மைனர்_யாழ்ப்பாணம்:

திருச்சித் தம்பியின் கதையை வாசிக்கக் கவலையாய் இருக்கு. எங்கட பக்கத்து அனுபவம் ஒன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம், பெற்றோல் கண்ணில் காண இல்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின், மோட்டர் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்ராட் பண்ண மட்டும் துளி பெற்றோல் விட வேண்டும், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலோடு கலக்கும், டிப் ஸ்டிக்கில் பார்த்தால் ஒயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும்! அது நல்ல சகுனம் இல்லை, ஒயில் தண்ணி மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரம் டப்பாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒயிலை நேரத்துக்கு மாற்றினவர்களின் கார் இப்பவும் ஓடுது, என்னுடையதும் அதில் ஒன்று.

சீல் மருந்து பற்றி ஒரு சிரிப்பு. என்னுடைய மைனர் பின்பக்கத்தால் ஒழுகும். வெளிநாட்டில் இருந்து வந்த மருமகன் "மாமா, இது ரப்பர் சீலை இளக்கும்" என்று விலை கூடின போத்தல் ஒன்று கொண்டுவந்து ஊற்றினான். ஒழுகல் ஒரு சொட்டும் குறைய இல்லை. பிறகுதான் அவனுக்கு விளங்கப்படுத்தினேன், அந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, ஒயிலைத் திருப்பி உள்ளே அனுப்புகிற புரி மட்டும் வெட்டியிருப்பார்கள். இல்லாத ரப்பரை எந்த மருந்து இளக்கும்? கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.

ஈரோடு_800:

எல்லாருக்கும் நன்றி. லேத்துக்கார அண்ணன் சொன்னபடி டெஸ்ட் எடுத்தாயிற்று. பெருந்துறை ரோட்டில் ஒரு வயசான மெக்கானிக்கிடம் கேஜ் இருந்தது, 200 ரூபாய் வாங்கினார்.

ஆயில் மூடி லேசாக நடுங்கியது, துள்ளவில்லை. பிரீதர் ஹோஸ் பாதி அடைத்திருந்தது, உள்ளேயிருந்து மயோனைஸ் மாதிரி வெள்ளைப் பிசின் வந்தது. கம்ப்ரஷன் கிலோ கணக்கில் முதல் சிலிண்டர் 11, இரண்டாவது 11, மூன்றாவது 9. ஆயில் விட்டுப் பார்த்ததில் முதல் இரண்டும் கால் கால் கிலோ ஏறின, மூன்றாவது 10 வந்தது. மூன்றாவது பிளக் மட்டும் ஈரமாக, கறுப்பாக. இதற்கு என்ன அர்த்தம்?

லேத்துக்காரன்_கோவை:

மூன்றாவதில் ரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் ஆயில் ரிங் கார்பன் பிடித்து இறுகியிருக்கிறது. இரண்டில் ஏதென்று பிரிக்காமல் சொல்ல முடியாது. ஆனாலும் 9 வருகிற இன்ஜினுக்கு போர் அடித்து, அதாவது சிலிண்டரை அகலமாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெள்ளைப் பிசினுக்குப் பயப்படாதீர்கள், ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை என்றால் அது உள்ளே வியர்த்த ஈரமும் ஆயிலும் கலந்தது.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஹோஸை மாற்றிவிட்டு 500 கிலோமீட்டர் ஓட்டி எவ்வளவு ஆயில் குறைகிறது என்று எழுதி வையுங்கள். அப்புறம் ஹெட்டை இறக்கி ஆறு சீல், வால்வ் இறுக்கமாக உட்காரத் தேய்த்து விடுகிற வால்வ் லேப்பிங், புது ஹெட் கேஸ்கட், டைமிங் பெல்ட். வால்வ் தண்டு ஏறி இறங்குகிற குழாயான வால்வ் கைடில் ஆட்டம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், கைடு ஆடினால் புது சீல் ஆறே மாதத்தில் போய்விடும். ஹெட் இறங்கியிருக்கும்போது மூன்றாவது பிஸ்டன் மேலே கார்பன் கரைக்கும் திரவத்தை விட்டு ஒரு ராத்திரி ஊற வைக்கலாம். இறுகின ரிங் என்றால் இளக வாய்ப்பு உண்டு, தேய்ந்த ரிங் என்றால் ஒன்றும் நடக்காது. ஊற வைத்தது கீழே சேம்பருக்கு இறங்கியிருக்கும், அதனால் அந்த ஆயிலை இறக்காமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

ஈரோடு_800:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். ஹோஸ் மாற்றியதிலேயே 600க்கு ஒரு லிட்டர் என்பது 850 ஆயிற்று, எனக்கே ஆச்சரியம். பிறகு ஹெட் வேலை, ஊற வைத்தது எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். பழைய சீலைக் கையில் கொடுத்தார், நகத்தால் அழுத்தினேன், உடைந்தது. இப்போது 20டபிள்யூ-50 ஊற்றி 2100 கிலோமீட்டர் ஓடியாயிற்று, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் குடித்திருக்கிறது. காலைப் புகை இல்லை. மேட்டில் ஐந்து பேரோடு ஏறினால் கண்ணாடியில் லேசாக ஒரு நீலம் தெரிகிறது, அது அந்த மூன்றாவது சிலிண்டராக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைக்காரர் டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். பேரையும் மாற்றிக்கொள்ளவில்லை, ஊற்றவே இல்லையே நீங்கள் என்கிறார், அதுவும் நியாயம்தான். தம்பியின் ஸ்ப்ளெண்டரில் டேப்பட் சத்தம் வருகிறது, அதில் ஊற்றிவிடலாமா?

லேத்துக்காரன்_கோவை:

ஊற்றிவிடாதீர்கள்! பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் நனைந்துகொண்டு ஓடுகிறது, அதனால்தான் பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற தரக்குறி போட்டிருக்கும். வழவழப்பு ஏற்றுகிற எதையாவது ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், ரேஸ் ஏறும், வண்டி நகராது. டேப்பட்டுக்கு இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வைத்து செட் பண்ணச் சொல்லுங்கள், கால் மணி நேர வேலை.

கன்சல்டிங்_முன்னாள்:

டப்பாவை எனக்கு அனுப்புங்கள். வீட்டு கேட் கீல் சத்தம் போடுகிறது.